அரங்கு நிறைந்த பகல் காட்சி

கூட்டம் முழுக்கப் போன பிறகும் ஒரு நாற்காலி மடங்காமல் கிடந்தது.

அந்தத் தியேட்டரில் இருப்பதெல்லாம் ஸ்பிரிங் நாற்காலிகள். ஆள் எழுந்தால் உட்காரும் பலகை தானாக மேலே போய் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். படம் முடிந்து கூட்டம் கலையும்போது தட், தட், தட் என்று வரிசை வரிசையாகச் சத்தம் வரும். கதவுக்காரருக்கு அந்தச் சத்தமே போதும். உள்ளே எட்டிப் பார்க்காமலே ஆள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஏதாவது ஒன்று மடங்கவில்லை என்றால் அதில் ஒருத்தன் தூங்குகிறான், இல்லையென்றால் எவளோ பையை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இதில் பையும் இல்லை, ஆளும் இல்லை.

திரைக்குப் பக்கத்தில், முன்வரிசையில் இருந்தது அது. அடியில் கை கொடுத்து மேலே தள்ளினார். ஏறவில்லை. துருப்பிடித்த ஸ்பிரிங் என்றால் கறகறவென்று முரண்டு பிடிக்கும். இது தூங்குகிற நாயைப் புரட்டப் பார்த்த மாதிரி மொத்தையாகக் கனத்தது. உறை வெதுவெதுவென்று இருந்தது. துவைத்துக் காயாமல் மூலையில் சுருண்டு கிடந்த துணியின் வாடை மூக்கில் ஏறியது. கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை மெதுவாக, சத்தமே இல்லாமல், மேலே போனது.

அடுத்தவர் தூக்கம் கலையக் கூடாது என்று பார்த்து எழுந்திருப்பார்களே, அப்படி.

அன்றைக்கு நடந்தது கைக்குழந்தைக்காரிகளுக்கான சிறப்புக் காட்சி. ஒற்றைத் திரை வைத்த தனியார் தியேட்டர் அது. பெரிய கம்பெனித் தியேட்டர்களோடு மோதிப் பிழைக்க முடியாது என்று மேனேஜர் பெண் வாரம் ஒரு கூத்து கண்டுபிடிப்பாள். ஊமைப் படத்துக்கு ஆள் வைத்து பியானோ, டைரக்டரோடு கேள்வி பதில், பெரியவர்களுக்குப் பகல் காட்சி என்று வரப்போகிறதையெல்லாம் அவள் ஒட்டி ஒட்டியே வாசல் கண்ணாடி மறைந்துபோயிருந்தது. கதவுக்காரருக்கு இந்த வித்தையில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் சொன்ன வேலையைச் செய்தார். குழந்தையோடு வந்து தயங்கி நின்ற ஒவ்வொருத்தியிடமும் தொண்டை வறள அதையே சொன்னார்: “மடியில வச்சுக்கிட்டா டிக்கெட் வேண்டாம். உள்ள போம்மா.”

அந்தக் காட்சி முடிந்த பிறகுதான் முதல் நாற்காலி கிடந்தது.

மறுநாள் அந்த நாற்காலி ஒழுங்காக மடங்கியது. அதற்குப் பின்வரிசையில் வேறொன்று கிடந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் பின்னால். எண்ணெய் விட்டார். ஸ்பிரிங்கை மாற்றினார். மாற்றிய நாற்காலி சொன்னபடி கேட்கும், வேறொன்று படுத்துக்கொள்ளும். அது ஒவ்வொரு வரிசையாக ஏறிக் கதவுப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

படம் ஓட்டுகிற ஆபரேட்டரைக் கூட்டிவந்து காட்டினார். அவன் பல்லைக் காட்டினான்.

“என்ன அண்ணே, டிக்கெட் கிழிக்காமலா உள்ள விட்டீங்க? மேடத்துக்குத் தெரிஞ்சா உங்க சம்பளத்துல பிடிப்பாங்க.”

“தொட்டுப் பாருடா. சூடு இருக்கு பாரு.”

“எவனாவது நல்லாச் சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருப்பான். விடுங்க.”

தொட்டுக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

ஊமைப் படம் போட்ட அன்று பாதி அரங்கு காலி. கதவுக்காரர் பின்னால் இருட்டில் நின்றார். பியானோக்காரர் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார். திரையின் வெளிச்சம் கூடுவதும் குறைவதுமாக இருக்க, காலி நாற்காலிகளின் முதுகெல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி அசைந்தன. நடு வரிசையில், அக்கம்பக்கம் யாருமில்லாத இடத்தில், ஒரு பலகை இறங்கியது. விழவில்லை. இறங்கியது. ஸ்பிரிங் நீளமாக ஒரு மூச்சு விட்டது. முன்னால் இருந்தவர் திரும்பி, அங்கே யாரும் இல்லாததைப் பார்த்து, சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடி படம் பார்க்க ஆரம்பித்தார்.

கதவுக்காரர் படம் முடியும்வரை அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பயத்தைவிட அவருக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பேர் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள்?

நேரே மேனேஜர் பெண்ணிடம் போனார். அவள் ஏணியில் நின்று அடுத்த வாரத்துச் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கொஞ்ச நாளைக்கு ஹாலை மூடிப் போடுங்க.”

“ஐயா, ஸ்பிரிங் மெக்கானிக் வந்து பார்த்துட்டுத்தானே போனாரு? எல்லாம் நல்லா இருக்குன்னாரே.”

“அவன் என்னத்தைப் பார்த்தான்? வெளிச்சத்துல பார்த்தான். இருட்டுல உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்க.”

“வியாழக்கிழமை பெரியவங்க காட்சி. முழுசா வித்தாச்சு. மூடுன்னா எப்படி மூடுறது? அந்த டேப்பை எடுத்துக் கொடுங்க.”

எடுத்துக் கொடுத்தார். வேறு என்ன செய்வார்? சுவரிடம் பேசினாலாவது எதிரொலி வரும்.

வியாழக்கிழமைக் காட்சிக்கு வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு ஆளுக்கொரு இலவச இடம் என்று அவள்தான் அறிவித்திருந்தாள். இவர் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஆபரேட்டர்தான் இவர் மனைவிக்குப் போனில் சொல்லித் தொலைத்திருக்கிறான். வீட்டுக்குப் போனதும் மனைவி போர்த்திக்கொள்ளும் கம்பளிச் சால்வையை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலியில் வாசலைத் தாண்டியே வெகு நாளாகிறது. கண்ணிலும் புரை.

“நீ வர வேண்டாம்.”

“ஏன்?”

“ஹால் சரியில்லை.”

“வாசல்ல நின்னு ஊரையே உள்ள விட்டீங்க. கட்டினவளை ஒரு நாள் விட்டிருக்கீங்களா? நான் வருவேன்.”

விஷயத்தைச் சொல்லலாம் என்று வாயெடுத்தார். சொன்னால் சிரிப்பாள். சிரித்துவிட்டு வருவாள். அவள் பத்திரமாக வந்து பத்திரமாகத் திரும்பினால் போதும், அப்புறம் அந்தத் தியேட்டர் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று படுத்தார். தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் பெருக்கப் போனபோது அது கடைசி வரிசைக்கு வந்திருந்தது. கதவை ஒட்டி இரண்டாவது நாற்காலி. கதவை ஒட்டி முதல் நாற்காலி, அவர் மனைவிக்கு ஒதுக்கியது.

மேனேஜர் பெண்ணிடம் ஓடினார். “அம்மா, என் வீட்டுக்காரிக்கு வேற இடம் கொடுங்க.”

“ஐயா, அவங்க முழங்காலுக்குப் படி இல்லாத இடமா நானே தேடிக் கொடுத்தது அது. வேற ஒண்ணும் காலி இல்லை.”

“அப்ப பக்கத்து சீட்டை யாருக்கும் கொடுக்காதீங்க. அது உடைஞ்சு கிடக்கு.”

அவள் பெருமூச்சு விட்டாள். “சரி. அந்த ஒண்ணு. இதோட விட்டுடுங்க, ஐயா.”

ஸ்டோர் ரூமிலிருந்து நைலான் கயிறு எடுத்து வந்தார். பலகை அப்போது மேலே போயிருந்தது. அதை முதுகோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றி இழுத்து, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டார். வாழ்க்கை முழுக்க வாசலில் நின்றவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் நிச்சயமாகத் தெரியும். இடம் இல்லை என்றால் எவனாக இருந்தாலும் திரும்பிப் போக வேண்டும். பணக்காரன் போயிருக்கிறான், போலீஸ்காரன் போயிருக்கிறான். மற்ற எல்லா நாற்காலிக்கும் ஆள் உண்டு. மிச்சம் இது ஒன்று. இதையும் கட்டியாகிவிட்டது.

இது மட்டும் போகாதா?

பகல் காட்சிக்குக் கூட்டம் நெரிந்தது. கைத்தடி, இருமல், தைல வாடை. பேரன் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு சிலர். மனைவியைத் தாங்கி வந்து உட்கார வைத்தார். சால்வையைத் தோளில் போர்த்தி மடிமேல் பரப்பிக்கொண்டு திரையை நோக்கிக் கண்ணை இடுக்கினாள்.

“பக்கத்துல என்ன, சீட்டைக் கட்டிப் போட்டிருக்கீங்க? எழுந்து ஓடவா போகுது?”

“பேசாம படத்தைப் பாரு.”

விளக்கு அணைந்தது. வெளியே வெயில் கொளுத்துகிற நேரம், உள்ளே கண்ணில் விரலை விட்டாலும் தெரியாத இருட்டு. அவர் கதவோரம் நின்று, கையை நீட்டிக் கயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். சிரிப்புப் படம். முன்னால் கிழவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே கயிறு இறுகியது.

பலகை இறங்கப் பார்த்தது.

முடிச்சு முனகியது. நைலான் அவர் விரலுக்கடியில் கம்பி மாதிரி விறைத்தது. காயாத துணி வாடை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

“இடம் இல்லை. போ. வெளியே போ.”

இறுக்கம் நின்றது. மறுபடி இறுகியது. பிறகு கயிறு தொளதொளத்தது.

அவர் கதவை ஒரு ஆள் போகிற அளவுக்குத் திறந்து பிடித்தார், அது போகட்டும் என்று. வெயில் கோடாக உள்ளே விழுந்தது. அந்தக் கோட்டில், தாமதமாக வந்த ஒரு பெண்மணி, தோளில் பேரனோடு நின்றுகொண்டிருந்தாள்.

“டிக்கெட் எனக்கு மட்டும்தான் இருக்குங்க. குழந்தைக்கு இல்லை. விடுவீங்களா?”

அவர் மனம் கயிற்றில் இருந்தது. வாய் தன் பாட்டுக்குச் சொன்னது.

“மடியில வச்சுக்கிட்டா டிக்கெட் வேண்டாம். உள்ள போம்மா.”

அவள் போனாள். அவர் கதவைச் சாத்தினார்.

அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தொளதொளவென்றே கிடந்தது. வாடைகூடக் குறைந்த மாதிரி இருந்தது. ஒரு ஸ்பிரிங்கும் மூச்சு விடவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் தோள் இறங்கியது. படத்தில் ஒருத்தன் வழுக்கி விழுந்தபோது அவரும் சிரித்தார். இருட்டில் மனைவியின் சிரிப்பும் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது. தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தார்.

விளக்கு எரிந்தது. தட், தட், தட். வரிசை வரிசையாகப் பலகைகள் மேலே போயின. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றுகூடப் பாக்கி இல்லை. முன்வரிசை, நடுவரிசை, எல்லாம். தாமதமாக வந்தவள் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். மேனேஜர் பெண் எதிர்ப்பக்கக் கதவிலிருந்து, பார்த்தீங்களா என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

திரும்பிப் பார்த்தார். அரங்கத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் மடங்காமல் இருந்தது. அதில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“எழுந்திரு. போகலாம்.”

“உஸ். மெதுவாப் பேசுங்க.”

“என்னது?”

“கால் மரத்துப் போச்சுங்க. ஏறும்போது லேசாத்தான் இருந்துச்சு. போகப் போகப் பாரம்.” திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “யார் வீட்டுக் குழந்தையோ, பாவம். என் குழந்தைன்னு எடுத்துட்டுப் போக ஒருத்தரும் வரலையே.”

அவர் பார்த்தார்.

மடிமேல் இருந்த சால்வை பள்ளமாக அழுந்திக் கிடந்தது. தொடை இரண்டும் அமுங்கி விலகியிருந்தன. அவள் கைகள் வயிற்றிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றில், ஒன்றோடொன்று கோத்திருந்தன. அணைத்துப் பிடித்த கைகள்.

“விடு அதை.”

“எதை?”

“கையை எடு. எடுடி!”

“கத்தாதீங்க. இப்பத்தான் தூங்குது.”

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மொத்தையாக. கனமாக. வெதுவெதுப்பாக. வாடை.

அவள் தோளில், சால்வையின் மேல், ஒரு தலை சாய்ந்தால் வாய் வருகிற இடத்தில், ஈரம் ஒரு வட்டமாக ஊறிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரத் துணி நடுவில் உள்ளே குழிந்தது. உப்பி வெளியே வந்தது. மறுபடியும் குழிந்தது.

நின்றது.

அந்த ஈர வட்டத்தோடு சால்வை இழுபட்டு, அந்த வாய் அவர் பக்கமாகத் திரும்பியது.