கைப்பிடியில் பச்சை விளக்கு

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "நான் எங்கயும் போகலை" என்றது. அதைக் கேட்டதும் அக்காதான். கூடத்தில், மின்சாரச் சக்கர நாற்காலியில், ஒரு எழுத்தைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

சந்தேகமே இல்லை, அவள் குரல்தான். ஒரு காலத்தில் பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவள். அவள் வாயைத் திறந்தால் ஊரே மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு ஓடும். நோய் நாக்கைக் கட்டிப்போடுவதற்கு முன்பு பதிவு செய்த அந்தக் குரலை, நாற்காலியைப் பழுதுபார்க்க வரும் மெக்கானிக், நாற்காலியில் பொருத்திய பேசும் கருவிக்குள் ஏற்றிக் கொடுத்திருந்தார். வலது ஆள்காட்டி விரலால் திரையில் தட்டினால் அது பேசும். அவள் தட்டினால் மட்டும்தான் பேசும் என்று இதுவரை நம்பியிருந்தாள்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே தங்கை வந்தாள். யார் பேசியது என்று அக்கா தட்டிக் கேட்டாள். ரேடியோ என்று சொல்லிவிட்டு தங்கை ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். அந்த வீட்டில் ரேடியோ இருந்து எத்தனையோ வருடமாகிறது.

அன்று மூன்று மணிக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து அதிகாரி அம்மா வருகிறார். உதவியாளர்களை வைத்துக்கொண்டு தனி வீட்டில் வாழ விரும்புகிறேன் என்று அக்கா இரண்டு மாதம் விரல் நோகத் தட்டி விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். அதை அவளே நேரில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. ஏழு வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கருவியின் சொந்த பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. நாற்காலியின் பேட்டரியிலிருந்துதான் ஒரு ஒயர் வழியாக அதற்கும் மின்சாரம் வந்தது. கைப்பிடியில் பச்சை விளக்கு எரிந்தால் நாற்காலியும் ஓடும், வாயும் பேசும். நூறு தடவையாவது அந்த விளக்கைப் பார்த்திருப்பாள் அன்று. எரிந்துகொண்டிருந்தது.

மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கும்போது தங்கை சீப்போடு பின்னால் வந்து நின்றாள். சோப்பு வாசனையும் ஈரத் துணியின் புழுக்க நாற்றமும் அக்காவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. சீப்பு உச்சியிலிருந்து மெதுவாக இறங்கியது, நின்றது, மறுபடி உச்சிக்குப் போனது, சிக்கே இல்லாத இடத்தில் சிக்கெடுத்தது.

"உன் லெட்டரைப் படிச்சேன்க்கா," என்றாள் தங்கை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அக்கா விரலைத் திரைக்குக் கொண்டுபோனாள். மன்னிப்பு கேட்கத்தான்.

பின்னால் தங்கை குனியும் சத்தம். இருக்கைக்கு அடியில் ஏதோ உரசியது.

டக்.

பச்சை விளக்கு அணைந்தது. திரை கறுத்தது. ஓட்டும் குச்சியை முன்னே தள்ளினாள். நாற்காலி நகரவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

அதிகாரி அம்மா எதிரில் அமர்ந்தார். அங்கிருந்து கருவியின் முதுகுதான் தெரியும். தங்கை கொஞ்சம் வெளியே இருக்கலாமா என்று கேட்டார். மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணும், பின்னாலேயே நிற்கிறேன் என்றாள் தங்கை. அதிகாரி தலையாட்டிவிட்டுக் கோப்பைத் திறந்தார்.

"தனியாப் போய் இருக்கணும்னு நீங்கதானே எழுதினீங்க? இப்பவும் அதே முடிவுதானா?"

ஆமாம். ஆமாம். ஆமாம். விரல் கறுத்த கண்ணாடியைக் குத்தியது.

"இல்லை," என்றது அக்காவின் குரல், அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து. "ஏதோ கோபத்துல எழுதிட்டேன். நான் எங்கயும் போகலை."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என்றைக்காவது பேட்டரி தீர்ந்துபோனால் அக்கா தவிக்கக் கூடாது என்று தங்கையின் போனிலும் அதே குரலை மெக்கானிக் ஏற்றிவைத்திருந்தார். அக்காதான் அவரிடம் சொல்லி ஏற்ற வைத்தாள். தங்கையைத் தவிர வேறு யாரை நம்புவது என்றுகூடச் சொல்லியிருந்தாள்.

தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"பேசி முடிச்சா அப்படித்தான் மேடம். களைச்சுப் போயிடுவா."

பேனா ஓடியது. கோப்பு மூடியது. நல்ல தங்கை கிடைத்திருக்கிறாள் என்று அதிகாரி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். குத்திக் குத்திச் சிவந்த விரல் அந்த உள்ளங்கைக்குள் அடங்கி, விடுபட்டது. செருப்புச் சத்தம். கதவு. தாழ்ப்பாள்.

தங்கை திரும்பி வந்து பின்னால் நின்றாள். பிடுங்கிய பிளக்கை மாட்டக் குனியவில்லை.

கறுத்த திரையில் இரண்டு முகங்கள் தெரிந்தன. கீழே அக்காவின் மூடிய வாய். மேலே தங்கையின் அழுது நனைந்த கன்னம், போன் வெளிச்சத்தில். கட்டைவிரல் தட்டிக்கொண்டிருந்தது.

"அழாதேடி," என்றது அக்காவின் குரல். "நான் உன்கூடவே இருக்கேன்."

"சரிக்கா," என்றாள் தங்கை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வார்த்தையைத் தட்டத் தொடங்கினாள்.