ரெமியின் இதய உறை

என் தம்பி ரெமி மூன்று வாரமாக ஓடவே இல்லை. ஆறு வயதுப் பையன், கிழவரைப் போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அவன் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோத்திருந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்தார்கள். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, தாராளமாக விளையாடலாம் என்று டாக்டரம்மா படம் வரைந்து சொன்னார். அவன் எங்கே கேட்டான்? அழுதுகொண்டிருந்தான். கேட்டது நான்தான். ஊசி குத்தியதில் உறையில் ஓட்டை விழுந்துவிட்டது, ஓடினால் இதயம் கழன்றுவிடும் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

அன்று ஜெரோம் மாமா ஆற்றங்கரையில் குதிரையைவிடப் பெரிய ஒரு மூஸ் மானைச் சுட்டிருந்தார். ரெமிக்குக் காட்ட வேண்டும், இதயத்தை உறையோடு வையுங்கள் என்று போனில் சொன்னேன். சரி என்றார்.

ஆனால் எங்கள் ஊரில் மூஸின் இதயம் ஊரிலேயே மூத்தவர் வீட்டுக்குப் போகும். சுத்தம் செய்யாமல் கொடுத்தால் மானம் போய்விடும். பழகிய கை சும்மா இருக்குமா? அம்மாவோடு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மாமா உறையைக் கீறி உரித்துப் பனியில் போட்டுவிட்டார்.

"அடடா, மறந்தே போச்சு டெஸ்ஸா" என்று நாக்கைக் கடித்தார்.

நான் உறையை எடுத்து, இதயத்தை மறுபடி அதற்குள் நுழைத்தேன்.

"டேய், உறையை இழுத்துப் பாரு."

ரெமி ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் இழுத்தார்கள். உறை கிழியவில்லை; மாமாவின் முகம் சிவந்ததுதான் மிச்சம். நம் உடம்பில் உறையின் அடிப்பக்கம் வயிற்றுக்கு மேலிருக்கும் தசையோடு ஒட்டியிருக்கும், அதனால் இதயம் எங்கேயும் போகாது என்றேன்.

பிறகு அவனை உறைக்கும் இதயத்துக்கும் நடுவே விரலை விடச் சொன்னேன். உறையின் உள்பக்கம் வழுவழு. இதயத்தின் மேல்தோலும் வழுவழு. நடுவே துளி நீர். அதனால்தான் இரவு பகலாகத் துடித்தாலும் இதயம் உரசிப் புண்ணாவதில்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு! சொல்லும்போது எனக்கே சிலிர்த்தது.

"அப்ப தண்ணி இருக்கணுமா அக்கா?"

"கொஞ்சம் இருக்கணும். உனக்கு ரொம்ப சேர்ந்து, இதயம் விரியவே இடமில்லாம நெருக்கிடுச்சு. டாக்டரம்மா அதிகமா இருந்ததைத்தான் எடுத்தாங்க."

"ஓட்டை?"

"கையில ஊசி போட்ட இடம் மூடிக்கிச்சுல்ல? அதே மாதிரிதான்."

மாமா இதயத்தை எடுத்துக்கொண்டு உறையைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், ஒரு அண்டங்காக்கை இறங்கி அதைக் கவ்விக்கொண்டு கிளம்பியது.

"ஏய், அது என்னோடது!"

ரெமி ஓடினான். பனியில் விழுந்தான், எழுந்தான், மறுபடி ஓடினான். "மெதுவா" என்று சொல்ல வந்த அம்மா வாயை மூடிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. தூரத்தில் இறங்கிக் கொத்திக்கொண்டிருந்த காக்கை, அவன் நெருங்கியதும் உறையைப் போட்டுவிட்டுப் பறந்தது.

ரெமி மூச்சிரைக்கத் திரும்பி வந்து, உறையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அக்கா, காக்கா எத்தனை கொத்து கொத்திச்சு தெரியுமா? கிழியவே இல்ல."