பச்சை உடம்பு

காலையில் தோடு காதுக்குள் போகவில்லை.

பாப்பாவின் நெற்றியில் கீறிவிடுமே என்று முந்தின இரவு சுபாஷினி கழற்றி மேசைமேல் வைத்த அதே தோடுதான். கண்ணாடி முன் நின்று காது மடலைப் பிடித்துக்கொண்டு தோட்டின் தண்டை இப்படியும் அப்படியும் வைத்துக் குத்திப் பார்த்தாள். ஓட்டை இருந்த இடத்தில் வழவழவென்று தோல் இருந்தது. விரலால் தடவினால் ஒரு சிறு பள்ளம்கூடத் தட்டுப்படவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது குத்திய காது அது.

அடுப்பில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் குளிக்கத் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரி அக்கா எட்டிப் பார்த்தார். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள சுங்கை பாக்காப்பிலிருந்து வந்து, கெலுகோரில் இருந்த அந்த அடுக்குமாடி வீட்டிலேயே தங்கியிருப்பவர். தோடு போடாவிட்டால் காது தூர்ந்துதான் போகும், இது என்ன அதிசயம் என்றார். அதற்கு மாதக்கணக்கில் ஆகுமே, ஒரே இரவில் எப்படித் தூரும் என்று கேட்க சுபாஷினி வாயெடுத்தாள். கேட்கவில்லை. பச்சை உடம்புக்காரி என்ன சொன்னாலும் இந்த வீட்டில் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பிரசவத்தில் வயிற்றைக் கிழித்துத் தைத்த இடம் ஆறாமல் நீர் கசிந்துகொண்டே இருந்தது. மறுபடி வெட்டித் தைக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அவள் கணவன் யுகேந்திரன் நாலு பேரிடம் விசாரித்து ஜார்ஜ் டவுனில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனான். எக்சோசோம் சிகிச்சை என்றார்கள். பெட்டியில் பனிக்கட்டிக்கு நடுவே இருந்த சின்னக் குப்பியைக் காட்டி, அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். இது உயிரணு இல்லை, ஓர் உயிரணு இன்னொன்றுக்கு அனுப்பும் மிகச் சிறிய பொட்டலம். அதற்குள் ஒரு செய்தி இருக்கும். இந்த இடத்தை மூடு, புதுத் தோல் வளர்த்துக்கொள் என்ற செய்தி. அதைத் தையலைச் சுற்றி ஊசியில் ஏற்றினார்கள்.

புண் ஆறினாலும் வடு ஆறாது என்பார்கள். இங்கே வடுவையும் காணோம். ஒரு வாரத்துக்குள் கல்யாணத்துக்கு முன்பிருந்த வயிறாகிவிட்டது. யுகேந்திரன் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தான், அவளுக்கும் சந்தோஷம்தான். டாக்டரிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, தூர்ந்த காதைத் தடவியபடி நிற்கும்போதுதான் அவளுக்கு வந்தது. மூடு என்று சொல்லியாயிற்று. போதும் என்று யார் சொல்வார்கள்?

அன்று சாயங்காலம் சாமி படத்தின் முன் நின்று கும்பிட்டாள். சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது, கீழே சாலையில் கடற்பாலத்தை நோக்கிப் போகும் வண்டிகள் ஓயாமல் இரைந்தன, தொட்டிலின் கயிறு கிறீச் கிறீச்சென்று முனகியது. பாப்பாவுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று கண்ணை மூடி வெகுநேரம் வேண்டினாள். பேர் வைக்கும் நாள்கூட இன்னும் வரவில்லை அந்தப் பிள்ளைக்கு. கண்ணைத் திறந்து கையை எடுத்தாள்.

கும்பிட்ட கை பிரியவில்லை.

விளக்கெண்ணெய்ப் பிசுக்கு என்றுதான் முதலில் நினைத்தாள். இழுத்தாள். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து, பிளாஸ்டர் உரிக்கும் சத்தத்தோடு, உள்ளங்கைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து விலகின. உயிர் போகிற வலி. அரிசி அரிசியாக ரத்தம் துளிர்த்தது. குழாயடிக்கு ஓடித் தண்ணீரில் காட்டினாள், ரத்தம் கழுவிக்கொண்டு போனது. அதற்கு அடியில் காயம் இல்லை.

கிளினிக்குக்கு போன் அடித்தாள். நூர் ஃபாத்திஹா என்று பேர் சொன்ன பெண் மலாயில் இனிமையாகப் பேசினாள். தோல் நன்றாகத் தேறி வருகிறது, நல்ல அறிகுறிதான், திங்கட்கிழமை டாக்டர் பார்ப்பார் என்று வைத்துவிட்டாள்.

அதன் பிறகு சுபாஷினி தன் உடம்பைத் தானே வேவு பார்க்கத் தொடங்கினாள். தோலோடு தோல் பட்டால் ஒன்றும் ஆவதில்லை. பட்டபடி அசையாமல் இருந்தால்தான் ஆபத்து. காலை மடித்து உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் இழுக்கும். உறங்கி எழுந்தால் விரல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். உதட்டை நாக்கால் நெம்பித் திறக்க வேண்டும். விழிப்பு வந்த பிறகும் இமைகள் சற்று நேரம் யோசித்துத்தான் பிரிந்தன.

அதனால் நடந்தாள். அடுப்படியிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலில் பாலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அடுப்படிக்கு. விரல்களை விரித்து விரித்து மடக்கினாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். அக்காவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. பிள்ளை பெற்றவள் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும், நடந்தால் உடம்புக்குள் காற்று புகுந்துவிடும் என்பது அவர் காலம் காலமாக எல்லா வீட்டிலும் சொல்லி வந்த சட்டம். பகலெல்லாம் அவர் படுக்க வைப்பதும் இவள் எழுந்து கொள்வதுமாகவே போனது.

பால் கொடுக்கும்போது ஒரு மத்தியானம் அவளையும் மீறிக் கண் அயர்ந்தது. மழைச் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தாள். பாப்பா மார்பில் வாய் வைத்தபடி தூங்கியிருந்தது. தூக்கினாள். குழந்தையின் கன்னம் வந்தது, கூடவே அவள் தோலும் ஒரு நூல் அளவுக்கு எழும்பி வந்து அறுந்தது. பாப்பா வீறிட்டது. கன்னத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.

அவளுக்கு அன்றுதான் உண்மையான பயம் வந்தது. தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்றிருந்தவள், அன்று முதல் நீளக்கை சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டாள். துணிக்கு மேல்தான் பிள்ளையைத் தூக்கினாள். புட்டிப்பால் கொடுக்கலாம் என்றாள். மார்பில் பால் கட்டி வலிக்கும்போது புட்டியா என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் யுகேந்திரனுக்கு இரவு ஷிஃப்ட். காலையில் வந்தவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். காது, கை, பாப்பாவின் கன்னம். அவன் அவள் கைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க கிழிஞ்சிச்சு சுபா? கை நல்லாத்தானே இருக்கு."

"அதுதாங்க பயமா இருக்கு."

இருங்கள், காட்டுகிறேன் என்று கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். கை நடுங்கியது. நிறுத்த முயன்றாள், இன்னும் நடுங்கியது. அசைகிற கை ஒட்டாது. கணவன் முன்னால் அவள் கும்பிட்டபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். அவன் கண் கலங்கி அந்தக் கைகளைப் பிரித்து விட்டான். சுலபமாகப் பிரிந்தன. பாப்பாவின் கன்னத்துப் பொட்டை அக்கா கொசுக்கடி என்றார்.

அடுப்படியில் அக்கா குரலைத் தாழ்த்தியும் அவளுக்குக் கேட்டது.

"தம்பி, இது மெரோயான் மாதிரி இருக்கு லா. நல்லாத் தூங்க வச்சா தெளிஞ்சிரும்."

பிள்ளை பெற்றவளுக்குப் புத்தி தடுமாறினால் மலாய்க்காரர்கள் சொல்லும் பேர் அது. அவள் அம்மாவும் அத்தைகளும்கூட அப்படித்தான் சொல்லுவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

அன்று பொழுது சாயும்போது, வேலைக்குப் புறப்படும் முன் யுகேந்திரன் ஃபார்மசியில் எதையோ வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தான். அக்கா சுக்குக் காப்பி கொண்டு வந்தார். இனிப்புக்கு அடியில் ஒரு கசப்பு. கடைசி மடக்கில்தான் அது அவளுக்குப் புரிந்தது. எழுந்தாள், முழங்கால் மடங்கியது. அக்கா தாங்கிப் படுக்க வைத்தார். வேர்த்துப்போச்சு என்று நீளச் சட்டையையும் காற்சட்டையையும் கழற்றினார். காலைச் சேர்த்து வைத்தார். இடுப்பிலிருந்து நெஞ்சுக்குக் கீழ் வரை வயிறு கட்டும் துணியைச் சுற்றிச் சுற்றி இறுக்கினார்.

"அக்கா, பாப்பாவ எங்கிட்ட போடாதீங்க. தொட்டில்லயே கெடக்கட்டும்."

"சரி மா, போடல. நீ தூங்கு."

மின்விசிறி சுற்றியது. தொட்டில் கயிறு முனகியது. தூரத்தில் பாங்கு சொல்லும் குரல் நீண்டு நீண்டு போனது. விரலை அசைக்க வேண்டும். வாயைத் திறந்து மூட வேண்டும். அசைத்தாள். அசைத்ததாக நினைத்தாள்.

பிறகு விழித்தாள்.

இருட்டு. பறவைச் சத்தம் கேட்டது, விடிந்திருக்க வேண்டும். ஆனாலும் இருட்டு. கண்ணைத் திறந்தாள். திறக்கவில்லை. இமை இருக்க வேண்டிய இடத்தில் இழுபடுவதற்கு ஒரு விளிம்பே இல்லை. அக்கா என்று கூப்பிட்டாள். சத்தம் பல்லுக்குப் பின்னாலேயே நின்றது. நாக்கால் நெம்பினாள். உள்ளே வழவழவென்று தோல்.

கால் பிரியவில்லை.

மூக்கு மட்டும் இருந்தது. பால் வாசனை. எண்ணெய் தேய்த்த தலையின் வாசனை. மிக அருகில்.

நெஞ்சில் ஒரு சின்னப் பாரம்.

கையைக் கொண்டு வந்தாள். விரல்கள் ஒரே பட்டையாக இருந்தன. அந்தப் பட்டையால் தடவினாள். பிஞ்சு முதுகு. கழுத்து. காது மடல். கன்னம். கன்னத்திலிருந்து அவள் மார்பு. மறுபடி தடவினாள். கன்னம், மார்பு. நடுவில் ஒரு கோடு இருக்க வேண்டும். தேடினாள். இல்லை.

பாப்பா அழவில்லை. உறிஞ்சவுமில்லை. ஆனால் பால் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் நெஞ்சுக்குள் இரண்டு துடிப்பு, ஒன்று மெதுவாக, ஒன்று வேகமாக.

கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். ராத்திரி பசித்து அழுத பிள்ளையை அம்மாவின் மார்பில் போட்டதும் எப்படி அடங்கிப்போனது என்று அக்கா நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரெண்டு பேரும் அசையவே இல்லை தம்பி, அப்படித் தூக்கம், விளக்குகூட நான் போடவில்லை. யுகேந்திரன் சிரிப்பது கேட்டது. குழாயில் தண்ணீர் ஓடியது. பிள்ளையைத் தொடும் முன் அவன் எப்போதும் கை கழுவுவான்.

வராதீங்க. தொடாதீங்க. அவள் தொண்டை அதிர்ந்தது. அவன் அதைக் குறட்டை என்று நினைத்திருப்பான்.

ஈரம் உலராத இரண்டு கைகள் பாப்பாவின் அடியில் நுழைந்தன.

"மெதுவா தம்பி," என்றார் அக்கா, "அவ முழிச்சிரப் போறா."

அவன் மெதுவாகத்தான் தூக்கினான். பாப்பாவோடு சேர்ந்து அவள் நெஞ்சும் எழுந்தது.