பெரியத்தானின் மூச்சு

ஓரகத்தி வீட்டுக்குப் போய் அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு உடம்பு பெருத்துப்போய், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். சர்க்கரை வேறு. "இதயம் வீங்கியிருக்கு. காத்து தள்ளுற மெஷின் இல்லாம தூங்கினா, ஒருநாள் எழுந்திருக்கவே மாட்டார்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவருடைய அண்ணனுக்கும், அதாவது பெரியத்தானுக்கும், இதே வியாதிதான். மெஷின் குழாயில் மாட்டியிருக்கும் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிய மனுஷர் அப்படியே போய்விட்டார். மெஷின் சும்மா கிடந்தது.

"கழுவித்தான் வச்சேன்" என்றாள் ஓரகத்தி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

முகர்ந்து பார்த்தேன். சொத்தைப் பல் நாற்றம், புளித்த ஏப்பம். சோப்பு, வெந்நீர் என்று தேய்த்துச் சலித்து, முகமூடியையும் குழாயையும் புதிதாகவே வாங்கி மாட்டினேன். மறுநாள் காலையில் உள்ளே மஞ்சளாகக் கொழகொழவென்று ஒட்டியிருந்தது. அதே நாற்றம்.

"அண்ணன் வாசனைடி" என்று இவர் சிரித்தார். "பக்கத்துல படுத்திருக்கிற மாதிரியே இருக்கு."

"கருமம். பேசாம படுங்க."

அன்று மதியம் சாப்பிட்டுத் தூங்கினார். பாதியில் கரண்ட் போனது. மெஷின் ஓய்ந்தது. மூச்சு முட்டுமே என்று முகமூடியைக் கழற்றினேன்.

ஒரு குறட்டை வந்தது.

அப்புறம் ஒன்றும் வரவில்லை.

உலுக்கினேன். கன்னத்தில் அறைந்தேன். புரட்டிப்போட எனக்கு வலு போதவில்லை. உதடு நீலம் பாரித்தது.

கையிலிருந்த முகமூடி, வெதுவெதுப்பாக மூச்சு விட்டது.

விரலிடுக்கில் எச்சில் வழிந்தது. சீ என்று வீசியெறியத்தான் கை துடித்தது. ஆனால் இவர் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அந்த அசிங்கத்தை இவர் முகத்தில் வைத்து அழுத்தினேன். வாய்வரை வந்த வாந்தியை விழுங்கிக்கொண்டு, குழாயிடம் கெஞ்சினேன்.

"பெரியத்தான்... விட்டுடாதீங்க. உங்க தம்பி."

குழாய் புடைத்தது.

இவர் நெஞ்சு ஏறி இறங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது.

துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அறை முழுக்க அழுகல் வாடை. கழற்றப் பயமாக இருக்கிறது.

கரண்ட் இன்னும் வரவில்லை.