இரண்டாவது அலை

தூளியில் பூவிழி மூச்சு விடும்போதெல்லாம் தேவயானியின் கைபேசித் திரையில் ஒரு சின்ன அலை எழும்பி அடங்கும். அன்று மாலை அதற்கு அடியில் இன்னொன்றும் ஓடியது. நீளமாக, அவசரமில்லாமல்.

குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே இளைப்பு. தூக்கத்தில் சில சமயம் மூச்சு நின்றுபோகும். அதற்காகவே தேவயானி, தான் ஆராய்ச்சி செய்யும் பெரம்பலூர் கல்லூரி ஆய்வகத்தில் சுண்டுவிரல் நகமளவு சென்சார் ஒன்றைச் செய்து, தூளியின் உள்மடிப்பில் தைத்து வைத்திருந்தாள். குழந்தை வெளிவிடும் கரியமில வாயு பட்டால் கைபேசியில் அலை எழும்.

"ஏங்க, இதுல ரெண்டு பேரு மூச்சு தெரியுது."

ராஜவேல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "நீதான் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறியே. உன் மூச்சுதான்."

"நான் அடுப்படியில இருந்தப்பவும் வந்துச்சுங்க."

"அப்ப உன் மிஷினு ஊத்திக்கிச்சு. உன் ஆராய்ச்சிக்கு என் புள்ளதான் எலியா? நான் திரும்பி வரப்ப அது வூட்டுல இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் அரியலூர் ரோட்டில் இரைந்து போகும் ஒவ்வொரு முறையும் அடைத்த ஜன்னல்கள் அதிர, இடுக்கில் நுழைந்த வெள்ளைத் தூசியின் காய்ந்த வாசனையோடு குழந்தையின் பால் வாசனையும், இரண்டுக்கும் கீழே நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தாற்போன்ற ஓர் ஈர வாசனையும் இருட்டத் தொடங்கிய அறைக்குள் மெல்லப் பரவ, தேவயானி சுவரோரம் தள்ளி நின்று திரையையே பார்த்தாள்.

தையலைப் பிரித்து வேறொரு சென்சாரை வைத்தாள். அதிலும் இரண்டு அலைகள்.

பிறகுதான் கவனித்தாள். குழந்தையின் அலை எழும்பும்போதெல்லாம் மற்றது தாழ்ந்தது. பூவிழி விடும் மூச்சை அது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் குழந்தையின் அலை கொஞ்சம் குட்டையானது.

லாரிச் சத்தம் நின்றது. தூளிக் கயிறு கிறீச்சிட்டது. யாரும் ஆட்டவில்லை.

சின்ன அலை. இன்னும் சின்னது. வெறும் கோடு.

துணிக்குள் கைவிட்டாள். வாரி எடுத்தாள். ஓடினாள். வாசல். படி. ரோடு.

எதிர்வீட்டு சாந்தா கொடியில் காய்ந்த துணியை எடுத்தபடியே சிரித்தாள். "என்ன, புருஷன் வெரட்டி வுட்டுட்டானா?"

தேவயானி நின்று குழந்தையின் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். தோளோடு அணைத்திருந்த சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது. உயிர் இருக்கிறது. அது போதும். ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். கைபேசி இன்னும் கையில்தான் இருந்தது.

திரையில் ஒரே ஓர் அலை.

உள்ளே. தூளியில்.

வேகவேகமாக, வெட்டி வெட்டி. இளைப்பு வந்தால் பூவிழி விடுகிற மூச்சு.

அவள் அசையவில்லை. வீட்டைத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. தோளில் கிடந்தது, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தது.

இழுத்துக்கொண்டே இருந்தது.