முதல் வகுப்பு இலவசம்

இருநூற்றுப் பதினான்காவது போட்டோவில் ஒரு கை இருந்தது.

மனிதக் கை!

படத்தின் நடுவில் ஒரு லாப்ரடார் தடுப்புக் கட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. காது பறக்க, நாக்கு தொங்க, ஜோரான படம். வெப்சைட்டின் முகப்பிலேயே போடலாம். ஆனால் வாலுக்குப் பின்னால், பாதி திறந்த ஸ்டோர் ரூம் கதவின் கீழே, அந்தக் கை மல்லாந்து கிடந்தது.

மணிக்கட்டில் பச்சைக் கயிறு. கயிற்றின் முனையில் விசில்.

டிசைனர் படத்தைப் பெரிதாக்கினாள்.

சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு வெப்சைட் கட்டிக் கொடுப்பது அவள் வேலை. இந்த நாய்ப் பயிற்சிப் பள்ளியின் முதலாளி, எல்லோருக்கும் மாஸ்டர், இரண்டு வாரத்துக்கு முன் அவளைப் பிடித்தார். இந்த ஏரியாவில் நாய் வைத்திருக்கிற எவன் தேடினாலும் தன் பேர்தான் முதலில் வர வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு நாயின் படத்தைப் பார்த்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும், வாடிக்கையாளர்கள் எடுத்த போட்டோக்களைக் கேட்டு வாங்குங்கள் என்று யோசனை சொன்னவள் அவள்தான். முந்நூறு படங்கள் வந்தன. மாஸ்டர் ஒன்றைக்கூடப் பார்க்காமல் அப்படியே அவளுக்குத் தள்ளிவிட்டிருந்தார். இன்று வேலையை முடித்துக் கொடுக்க, பள்ளியின் ஆபீஸ் அறையிலேயே லாப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

அதில் பாதிப் படங்களில் பச்சைக் கயிற்று விசிலோடு ஒரு வழுக்கைத் தலைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். பார்ட்னர். எட்டாம் தேதி காலை விமானத்தில் மகனிடம் போய்விட்டார், இனி வரமாட்டார் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

படத்தில் பதிவாகியிருந்த தேதிப்படி, இதை எடுத்தது எட்டாம் தேதி மாலை!

"என்ன மேடம்... ரொம்பப் பெருசு பண்ணிப் பார்க்கறீங்க?"

குரல் முதுகுக்குப் பின்னால் வந்தது. அவள் படத்தை மூடினாள். ஒரு விநாடி தாமதம்.

அந்த ஒரு விநாடி போதுமாக இருந்தது.

மாஸ்டர் நிதானமாகக் கதவைச் சாத்தினார். மேஜையிலிருந்த அவள் போனை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கதவோரம் படுத்திருந்த கறுப்பு ராட்வைலரைப் பார்த்தார். அதன் பெயர் வக்கீல். பிடித்ததை விடாது என்பதால் பார்ட்னர் வைத்த பெயர்.

"இந்தப் படம் வேற எங்க இருக்கு?"

பொய் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. உண்மையையே சொன்னாள். "சர்வர்ல ஏத்தியாச்சு. நான்தான் எடுக்க முடியும்."

"எடு. சைட்டையும் முடிச்சுக் கொடு. அப்புறம் நானே உன்னை வேன்ல கொண்டுபோய் விடறேன்."

மேடம் போய் 'நீ' வந்துவிட்டது. வேன் எங்கே போய் நிற்கும் என்பது அவளுக்குக் கேட்காமலே புரிந்தது.

ஒரே ஜன்னல், அதில் கம்பி. ஒரே கதவு, அதில் வக்கீல். சுவர் முழுக்கத் தோல் வார்களும் சங்கிலிகளும். மூலையில் நாய்த் தீனி மூட்டை. ஆப்பசைத்த குரங்காக உட்கார்ந்திருந்தாள். போட்டோ கேட்டு வாங்கச் சொன்னதே இவள் வாய்தானே!

மணி மூன்று பத்து. ஐந்து மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று கணவனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மாஸ்டரின் பையில் அவள் போன் அதிர்ந்து ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது. அவர் அதன் வாயை அடைத்தார்.

நாற்காலியை இழுத்து அவள் தோளோடு தோளாக உட்கார்ந்தார். வேறு பக்கம் எதையாவது திறந்தால் விரலை உடைத்துவிடுவதாக ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

அவள் படத்தை அழித்தாள். கூடவே இருந்து பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். இனி வெளியிடறதுதான் பாக்கி. 'விரைவில்'னு போட்டு வச்சிருந்தோமே, அதுல அறுபத்தொரு பேர் பதிஞ்சிருக்காங்க. எல்லாருமே மூணு கிலோமீட்டருக்குள்ள. வெளியிட்டதும் அவங்களுக்கு மெசேஜ் போகும். நீங்க போன வாரம் சரி பார்த்ததுதான்."

மாஸ்டர் படித்துப் பார்த்தார். 'வெப்சைட் திறப்பு விழா! ஞாயிறு மாலை நான்கு மணி. முதல் வகுப்பு இலவசம். உங்கள் நாயோடு வாருங்கள்!' தன் பெயர் பெரிய எழுத்தில் இருந்ததில் அவருக்குத் திருப்தி.

அந்த அறுபத்தொரு பேரை அவளும் ஒவ்வொருவராகப் படித்திருந்தாள். பதினேழாவது பதிவு நினைவில் நின்றிருந்தது. நாய்: பொமரேனியன். பிரச்சினை: வாசலுக்கு வருகிறவர்களைக் கடிக்கிறது. வேலை: போலீஸ் இன்ஸ்பெக்டர்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அவளுக்கோ நான்கு மணி நேரம் கூட இல்லை.

அப்போது வக்கீல் எழுந்து சோம்பல் முறித்துக் கதவை விட்டு நகர்ந்தது.

"வக்கீல், காவல்!"

அது காதைச் சொறிந்தது.

"காவல்னு சொல்றேன்ல!"

மூட்டையை மோந்து பார்த்தது.

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். பிஸ்கட்டை எடுத்தார். நீட்டினார். மூன்றாவது தடவை சொன்ன பிறகுதான் அது போனால் போகிறதென்று கதவோரம் படுத்தது.

அந்த இருபது விநாடியில் தேதிப் பெட்டியில் 'ஞாயிறு' போய் 'இன்று' வந்துவிட்டது!

அவர் திரும்பியதும், "வெளியிடட்டுமா சார்?" என்றாள்.

"ம்."

அழுத்தினாள்.

இனி நான்கு மணி வரை உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அவரைப் பேச விடுவது. 'எங்களைப் பற்றி' பக்கம் காலியாக இருக்கிறது, அது இல்லாவிட்டால் தேடலில் பேர் முதலில் வராது என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மாஸ்டர் காலை நீட்டிக்கொண்டு ஆரம்பித்தார். இருபது வருட அனுபவம் என்றார். முரட்டு நாய் எதுவும் தன் பார்வைக்கே அடங்கும் என்றார். பார்ட்னரைத் தொழிலில் தூக்கிவிட்டதே தான்தானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஆளையே மறைத்தவர் எதிரில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தாள்.

மூன்று ஐம்பது.

வெளியே ஒரு நாய் குரைத்தது.

பிறகு இரண்டு. பிறகு பத்து! காரிலிருந்து இறங்கும் சத்தம், ஸ்கூட்டர் சத்தம், "டேய், சும்மா இரு" என்று யாரோ அதட்டும் சத்தம்...

கேட்டைத் தட்டினார்கள். "மாஸ்டர் சார்! இலவச வகுப்புக்கு வந்திருக்கோம்!"

மாஸ்டர் ஜன்னலுக்குப் போனார். திரும்பியபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"நீங்க கேட்டதைத்தான் சார். உள்ளூர் கஸ்டமர்."

சுவரிலிருந்து ஒரு தோல் வாரை உருவினார். அவள் மேஜைக்குப் பின்னால் ஒண்டினாள். கத்தினால் அத்தனை குரைப்பில் யார் காதிலும் விழாது. வந்தவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மைதானமும் பூட்டிய கேட்டும். அங்கேயே செத்துப்போவோம் என்று நிஜமாகவே நினைத்தாள்.

"வக்கீல், பிடி அவளை!"

வக்கீல் தலையைத் தூக்கியது.

"பிடி!"

மெதுவாக எழுந்தது. மூன்றாவது தடவை சொன்னால் பாயும். அவர் வாயைத் திறந்தார்.

அவள் கை முந்திக்கொண்டது. முகப்புப் பக்கத்துக்கு அவர் கொடுத்த ஒரே வீடியோ. தான் பழக்குகிற வீடியோ அவரிடம் ஒன்றுகூட இல்லாததால், பார்ட்னருடையதைக் கொடுத்து, குரலை எடுத்துவிட்டுப் பாட்டு சேர்க்கச் சொல்லியிருந்தார்.

அவள் இன்னும் எடுக்கவில்லை!

முழுச் சத்தத்தில் ஓடவிட்டாள்.

"வக்கீல் கண்ணா... இங்க வாடா."

செத்துப்போனவரின் குரல். நாய் அப்படியே உறைந்தது. மறுவிநாடி ஓடி வந்து லாப்டாப்பின் மேல் முகத்தை வைத்து முனகியது. வால் மட்டும் அடங்காமல் ஆடியது. அந்த நிலையிலும் அவளுக்குக் கண் கலங்கியது.

நாய் இனி அந்தக் குரல் சொல்வதைத்தான் கேட்கும் என்பது மாஸ்டருக்கு விளங்கிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

"அதோ ஓடறான் பாரு," என்றது வீடியோ, திருடன் வேஷத்தில் ஓடுகிறவனைக் காட்டி. "பிடி!"

ஒரே ஒரு தடவைதான் சொன்னது.

மைதானத்தின் நடுவில், வந்திருந்த அத்தனை பேரும் அவர்களுடைய நாய்களும் கேட் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, வக்கீல் மாஸ்டரின் முழங்கையைக் கவ்விப் புழுதியில் சாய்த்தது. அவர் அலறினார். அவள் லாப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி வாசலுக்கு வந்தாள். அடுத்து வரப்போகிற வார்த்தை 'விடு' என்பது அவளுக்குத் தெரியும்.

வீடியோவை நிறுத்தினாள்.

கேட் ஏறிக் குதித்த முதல் ஆள், இடுப்பில் பொமரேனியனை இடுக்கிக்கொண்ட ஒரு பெண்மணி. டிசைனர் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டோர் ரூம் தரையில் ஒரு மூலை மட்டும் புது சிமென்டாக இருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு, யாருக்கோ போன் செய்து கடப்பாரையோடு வரச் சொன்னார்.

"மேடம், நாயை விடச் சொல்லுங்க!" என்று மாஸ்டர் இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சினார்.

"அந்தக் குரல் இவங்ககிட்டதான் இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டி வரட்டும். அவசரமில்லை."

அன்று மாலை வெப்சைட்டில் முதல் விமர்சனம் விழுந்தது. ஐந்து நட்சத்திரம்.

'நாய் அருமையாகப் பழகியிருக்கிறது. மாஸ்டருக்குத்தான் பயிற்சி போதாது. அவருக்கு எங்கள் இடத்தில் தங்கிப் படிக்கும் வகுப்பு ஏற்பாடு செய்திருக்கிறோம். அதுவும் இலவசம்.'