பழைய சாப்பாட்டோடு கலந்து

நாய் தட்டைப் பார்க்கவில்லை. தட்டை வைத்த கையைத்தான் பார்த்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் பகல் முழுக்க அடுப்போடு அடுப்பாக வெந்து, சர்க்கரைக்காரருக்கு ஒன்று, சிறுநீரகக்காரருக்கு ஒன்று என்று உப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே நாலு காலில் இன்னொரு நோயாளி. வெங்காயம் ஆகாது, பூண்டு ஆகாது, திராட்சையும் சாக்லேட்டும் விஷம், வேகவைத்த எலும்பு குடலைக் கிழித்துவிடும் என்று கால்நடை டாக்டர் அடிக்காத குறையாகச் சொன்னதையெல்லாம் மனதில் வைத்து, எலும்பில்லாத கோழிக்கறியை உப்பில்லாமல் வேகவிட்டு, சோற்றைக் குழைய வடித்து, பூசணிக்காயை மசித்துக் கலந்திருந்தாள். பெற்ற மகளுக்குக்கூட இவ்வளவு பார்த்துச் சமைத்ததில்லை.

"என்ன, தொரைக்கு எறங்கலையாக்கும்?"

நாய் மூக்கை நீட்டி அவள் விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தது. ஈரமாக, ஜில்லென்று இருந்தது அந்த மூக்கு. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, பழைய சாப்பாட்டக் கலக்கணும்மா. அந்த மாமா சொன்னாருல்ல?" என்றாள் மகள்.

நாய் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். அப்பன் லாரி ஓட்டப் போனால் வீடு திரும்ப வாரக்கணக்காகும், காவலுக்கு ஒன்று இருக்கட்டும் என்று இவளும் இறங்கிவந்தாள். நாயைச் சும்மா கொடுத்தவர் தனியாக இருந்தார். ஜன்னல் திரைகளை இழுத்து மூடிய கூடத்தில், உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுகிற புழுக்கத்தில், கழுத்துவரை போர்வை போர்த்திக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தார். புண்ணுக்குப் போடும் களிம்பின் வாசம் அறை முழுக்க. வந்தவர்களைப் பார்த்து எழுந்திருக்கவுமில்லை, போர்வைக்குள்ளிருந்து கையை எடுக்கவுமில்லை. குளிர்ப்பெட்டியைத் தலையசைத்துத்தான் காட்டினார்.

"சட்டுனு மாத்தாதீங்கம்மா, வயிறு கெட்டுடும். இதுல இருக்கறதக் கொஞ்சம் கொஞ்சமா புதுசோட கலந்து போடுங்க. பழகிடும்."

டாக்டரும் அதையேதான் சொன்னார். பெட்டிக்குள் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கறி, மேலே பெயர்ச்சீட்டு எதுவும் ஒட்டாமல். என்ன கறி என்று கேட்டதற்கு, "நல்ல கறிதான், பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் சொன்னபடியே, கொண்டுவந்த பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வேகவைத்தாள். ஆஸ்பத்திரியில் சமைத்தவர் ருசி பார்க்காமல் ஒரு தட்டுகூட வெளியே போகக்கூடாது. அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போனது. என்ன ஏது என்று யோசிக்கும் முன்பே கரண்டி வாய்க்குப் போய்விட்டது. ஆடில்லை. மாடில்லை, பன்றியும் இல்லை. லேசாக ஒரு தித்திப்பு. இத்தனை வருஷம் ருசி பார்த்த நாக்குக்கு இது என்னவென்று பிடிபடவில்லை என்பதே அவளுக்கு அவமானமாக இருந்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். படுத்த பிறகும் நாக்கு பல்லிடுக்கில் அதைத் தேடிக்கொண்டிருந்தது.

நாய் சாப்பிட்டது. ஆனால் எப்படி? கலந்து வைத்ததில் பழைய கறியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, கோழியையும் சோற்றையும் ஒதுக்கிவைத்திருந்தது. மறுநாள் இரண்டையும் கொத்திக் கலந்தாள். அதிலும் பிரித்தெடுத்தது. மிக்ஸியில் அரைத்துப் பிசைந்து வைத்தாள். நாய் தட்டை முகர்ந்து, பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, பழைய கறியை எவ்வளவு குறைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டதுபோல மெல்ல உறுமியது.

"நீ போடறத நாங்க வாயத் தொறக்காமச் சாப்பிடல? அதுக்கு மட்டும் நாக்கு அவ்ளோ நீளமா?" என்று போனில் சிரித்தான் புருஷன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் அந்த நாய் நடக்கும் நகச் சத்தம் அவளுக்குப் பிடிக்காமல் போயிருந்தது. அவள் போகிற அறைக்கெல்லாம் டக் டக்கென்று பின்னாலேயே வந்து, எட்டி நின்று, அவள் கை போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பியது. சனியனை விலை கொடுக்காமலே வாங்கி வந்தோமே என்று நெஞ்சுக்குள் திட்டிக்கொண்டாள்.

பெட்டி காலியான சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சமையற்கட்டு ஜன்னல் கம்பியில் தண்ணீர் சொட்ட, ஈரமண் வாசமும் கேஸ் அடுப்பு வாசமும் கலந்து வர, மகள் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து எதையோ வரைந்துகொண்டிருக்க, அவள் கோழியை நறுக்கினாள். இன்று இதைத் தின்னு, இல்லாவிட்டால் பட்டினி கிட என்று முணுமுணுத்தபோது கத்தி வழுக்கியது. சுண்டுவிரல் நுனியில் ஒரு சின்னச் சீவல் பிய்ந்து தொங்கியது. யோசிக்காமல் விரலை வாயில் வைத்தாள்.

ரத்தத்துக்கு அடியில் ஒரு தித்திப்பு.

அதே ருசி.

வாய்க்குள் இருந்த விரலை எடுக்கத் தோன்றவில்லை. அவளுக்குப் பின்னால் அலமாரிக் கதவில் ஏதோ தட்டியது. டொக். டொக். டொக். திரும்பினாள். நாய் நின்றுகொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட ஆட்டாத வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அந்த மனிதருக்குப் போன் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"பொட்டி காலியா?"

"அது என்ன கறிய்யா? உண்மையச் சொல்லு!"

"தெரிஞ்சதாலதானம்மா கூப்புடறீங்க."

"இந்த எழவ இப்பவே கொண்டாந்து உன் வீட்ல தள்ளிடறேன்."

அவர் அழுதாரா சிரித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட இனிமே குடுக்கறதுக்கு என்ன இருக்கு? போனப் புடிக்கற இந்த ஒரு கைதான் மிச்சம். அன்னிக்குப் போர்வைய எடுத்திருந்தா அதக் கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?" மூச்சு வாங்கினார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நாமளா குடுத்தா அது வாங்கிக்கும். குடுக்கலன்னா அதுவா எடுத்துக்கும். எடுத்துக்கும்போது வீட்ல சின்னதா இருக்கறதத்தான் எடுக்கும். நானும் குடுக்க மாட்டேன்னுதான் மொதல்ல இருந்தேன். எங்க வீட்லயும் ஒரு பையன் இருந்தான்."

போன் அணைந்துவிட்டது.

நாய் நின்ற இடத்தில் நாய் இல்லை.

கூடத்துக்கு ஓடினாள். மகள் அப்படியேதான் படுத்திருந்தாள். கலர் பென்சில்கள் தரையில் உருண்டு கிடந்தன. அவள் மணிக்கட்டு நாயின் வாய்க்குள் இருந்தது. பல்லை அழுத்தவில்லை. விடவும் இல்லை.

"வெளையாடுதும்மா. கூசுது!" என்று சிரித்தாள் மகள்.

இவள் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள். நாயின் உதடு மேலே ஏறியது. ஈறு தெரிந்தது. மகளின் சிரிப்பு நின்றது.

"அம்மா... வலிக்குதும்மா."

துடைப்பத்தைக் கீழே போட்டாள். தாடை தளர்ந்தது. பிடி விடவில்லை. நாயின் கண் அவள் கையிலேயே இருந்தது. சுண்டுவிரலிலிருந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கத்தலாமா? மழைச் சத்தத்தில் யார் காதில் விழும்? விழுந்து ஆள் ஓடி வருவதற்குள் அந்தப் பிஞ்சுக் கை? ஐயோ, என் தங்கமே.

"இரு," என்றாள் நாயிடம். குரல் கெஞ்சியது. "இரு. போடறேன்."

சமையற்கட்டுக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள். உப்பு வேண்டாம். வெங்காயம் வேண்டாம். எலும்பை வேகவிடக் கூடாது, தனியாக எடுத்துவிட வேண்டும். டாக்டர் சொன்னது அத்தனையும் வரிசையாக நினைவுக்கு வந்தது. கோழியை ஓரமாகத் தள்ளி, பலகையைக் கழுவி, துடைத்து, இடது கையை அதன்மேல் விரித்து வைத்தாள். வலது கை வேண்டும். சமைக்க வேண்டும், பிள்ளைக்குத் தலை பின்ன வேண்டும்.

"விட்டுடுச்சும்மா!" கூடத்திலிருந்து மகள் கத்தினாள்.

டக் டக்கென்று நகச் சத்தம் வந்தது. நாய் சமையற்கட்டு வாசற்படியருகே வந்து, பந்தியில் இலைக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல அடக்கமாக உட்கார்ந்தது.

"அதுக்கு என்னம்மா போடப் போற?"

"நல்லதுதான் கண்ணு போடறேன். நீ இங்க வராத. அம்மா கூப்புடற வரைக்கும் வராத."

கத்தியைச் சுண்டுவிரலின் அடியில் வைத்தாள். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. நாய் விரலைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தது. பிறகு முழங்கையை. பிறகு தோளை. அவசரமே இல்லாமல் அவளைக் கால்வரை பார்த்து முடித்துவிட்டு, வாலை ஆட்டியது.